கம்பிக்கு ஒரு கீறல் இல்லை

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆட்டங்கண்டு கெடக்குது. இந்தச் சேர்ல உக்காருங்க. அன்வரு வண்டிக்கடியில பூந்துட்டான்னா அரை மணி நேரத்துல முடிச்சுருவான். பம்பர் கார்டு கம்பி மாட்டறதுல ஈரோட்டுலயே அவனை அடிச்சுக்க ஆள் கிடையாதுங்க. டீ சொல்லட்டுங்களா? சக்கரை போட்டா, போடாமயா?

என்ன கேட்டீங்க? முன்னால கம்பி போட்டா ஏர்பேக்கு சரியா விரியாதாமே, நெசமான்னா?

யாருங்க உங்களுக்குச் சொன்னது? போன்ல வீடியோ பாத்தீங்களா? அதானே பாத்தேன். சரி, கம்பி போடச் சொன்னது யாரு? உங்க மாமனாரா? அப்பிடிச் சொல்லுங்க! பெரிய மனுசன். பொண்ணக் குடுத்தவன் பொண்ணு போற வண்டியப் பத்தி யோசிக்க மாட்டானுங்களா? வீடியோவுல பேசறவனுக்கு உங்க குடும்பத்து மேல என்ன அக்கறை வந்துச்சு?

கோவிச்சுக்காதீங்க தம்பி. இந்தக் கேள்விய யாராச்சும் கேட்டாலே எனக்கு உச்சி வரைக்கும் ஏறிருது. ஏன்னா, இதை மொதமொதல்ல என்ர ஊட்டுக்குள்ளயே கொண்டாந்து வெச்சவரு என்ர மாப்பிள்ளை. இளங்கதிர்னு பேரு. மாப்பிள்ளைங்கறதால ‘அவரு’ங்கறேன். மரியாதை குடுத்துத்தானே ஆகோணும்.

அவரு என்ன வேலை பாக்கறாருன்னு கேளுங்க. சும்மா கேளுங்க தம்பி. காரை இடிக்கறாரு!

சிரிக்கறீங்க பாத்தீங்களா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க ஊட்டுல அத்தனை பேரும் இப்படித்தான் சிரிச்சாங்க. என்ர மச்சான் கேட்டாரு, “மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?”னு. “கார் இடிக்கற வேலைங்க”ன்னாரு. நாங்க பழைய இரும்புக் கடை வெச்சிருக்காங்களோன்னு நெனச்சுட்டோம். அப்பறமா விளக்குனாரு. மெட்ராஸ் பக்கம் ஒரு கார் கம்பெனியில இஞ்சினீயராம். புதுசா ஒரு காரு வரோணும்னா, அதைச் செய்யறதுக்கு முன்னாலயே கம்ப்யூட்டருக்குள்ள செஞ்சு, கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு செவத்துல கொண்டுபோய் மோதிப் பாப்பாங்களாம். உள்ள பொம்மை உக்காந்திருக்குமாம். பொம்மைக்கு எங்கெங்க அடி விழுதுன்னு பாத்து, இங்க தகட்டைக் கெட்டி பண்ணு, அங்க மெலிசு பண்ணுன்னு சொல்றது இவரு வேலை.

“அப்ப நெசமா ஒண்ணையும் இடிக்கறதில்லீங்களா?”ன்னேன்.

“கடைசியில ஒண்ணு ரெண்டு இடிப்போம் மாமா. மத்ததெல்லாம் கம்ப்யூட்டர்லதான்.”

இல்லாத காரை இல்லாத செவத்துல மோதறதுக்கு மாசாமாசம் சம்பளம். குடுத்து வெச்ச ஆளுடான்னு நெனச்சுக்கிட்டேன். நல்ல குடும்பம். பையனுக்கும் ஒரு கெட்ட பழக்கம் இல்லை. என்ர மக வினோதினிக்கும் புடிச்சுப் போச்சு. சரின்னு கல்யாணத்தை முடிச்சோம்.

சீருக்கு ஒரு காரு குடுத்தேங்க. அவங்க கேக்கல, அதையும் சொல்லிரோணும். நானாத்தான் குடுத்தேன். சும்மா குடுப்பனா? இந்தத் தொழில்லயே தலை நரைச்சவன். முன்னால கம்பி, பின்னால கம்பி, மேல கேரியரு, தைச்சு மாட்டுன சீட் கவரு, கண்ணாடிக்குத் திரை. டேஷ்போர்டுல, எடது பக்கம், நடுமத்தியில, பழனியில இருந்து வாங்கியாந்த முருகனைப் பசை போட்டு ஒட்டுனேன். முருகன் ஆடக்கூடாதுன்னு ரெண்டு தடவை பசை வெச்சேன். வண்டி மணவறையாட்ட இருந்துச்சு தம்பி. வந்த சொந்தக்காரங்க ஒறம்பரை பூராவும் மாப்பிள்ளையப் பாக்கலை, வண்டியத்தான் பாத்தாங்க.

அவரு அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாரு. மெட்ராசுக்குப் போனாங்க. கொஞ்ச நாள்ல பார்சல் சர்வீஸ்காரன் கடை வாசல்ல லாரிய நிறுத்தி, சாக்குல சுத்துன ஒண்ணை எறக்கிப் போட்டுட்டுப் போறான். பிரிச்சா என்ர கம்பி! என்ர கடை ஸ்டிக்கரோட என்ர கடைக்கே வந்து சேந்துருக்குது. முன்கம்பி, பின்கம்பி, கேரியரு, சீட் கவரு, அத்தனையும். நட்டு போல்ட்டைத் தனியா ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு, ஒண்ணு குறையாம அனுப்பியிருக்காரு. கடையில வேலை செய்யறவங்க முன்னால மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது சொல்லுங்க? அன்வரு சத்தமில்லாம அதையெல்லாம் எடுத்து உள்ள வெச்சான். அவன் ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாக்கூடத் தேவலை.

மகளுக்குப் போனைப் போட்டேன். “என்னம்மிணி இது?”ன்னேன். “அப்பா, அது வேண்டாம்னு சொல்றாருப்பா. முன்னால கம்பி இருந்தா ஏர்பேக்கு நேரங்கெட்டு விரியுமாம். சீட் கவரு போட்டா பக்கவாட்டு ஏர்பேக்கு வெளிய வர வழியில்லையாம்”ங்கறா. என்ர மக! என்ர கடையில சீட் கவரு மேல படுத்துத் தூங்கி வளந்தவ, எனக்கே பாடம் எடுக்கறா.

“முருகன் எங்க?”ன்னேன்.

மெதுவாச் சொல்றா, “டேஷ்போர்டு டப்பாக்குள்ள இருக்காருப்பா”ன்னு.

முருகனை டப்பாக்குள்ள போட்டு மூடியிருக்காரு தம்பி! ஏன்னா, ஒட்டுன எடத்துக்கு நேரா கீழதான் ஏர்பேக்கு இருக்குதாம். அது வெடிச்சு விரியறப்ப முருகன் பிச்சுக்கிட்டுப் போய் முன் சீட்டுல இருக்கறவங்க மூஞ்சியில அடிப்பாராம். நான் கேக்கறேன், முருகன் என்ர மகளை அடிப்பாரா? கேக்கறதுக்கே நாக்கூசுதுங்களா இல்லையா?

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. அன்வரு, உனக்கும் வெச்சிருக்குது, ஆறிரும்டா.

அதையும் பொறுத்துக்கிட்டேங்க. பேத்தி பொறந்துச்சு. ஆதிரை. அவ மூஞ்சியப் பாத்ததுல எல்லாக் கோவமும் போயிருச்சு. என்னைக் கண்டா வேற ஆருகிட்டயும் போகமாட்டா. இந்தத் தோள்லதான் தூங்குவா. ஒரு பொங்கல் நோம்பிக்கு வந்தப்ப, அவளை மடியில வெச்சுக்கிட்டு முன் சீட்டுல உக்காந்து, என்ர மகன் தினேசை ஓட்டச் சொல்லி ஊரைச் சுத்துனேன். ஜன்னல் வழியா காத்து அடிக்க அடிக்க அவ கையத் தட்டிச் சிரிக்கறதைப் பாக்கோணுமே! திரும்பி வந்தா வாசல்ல மாப்பிள்ளை நிக்கறாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருக்குது. குழந்தைய வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டாரு. அடுத்த தடவை வர்றப்ப ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோட வந்தாரு. பின் சீட்டுல அதைக் கட்டி, அதுக்குள்ள குழந்தைய வெச்சு, தோளுக்கு மேல ஒரு வாரு, காலுக்கு நடுவுல ஒரு வாரு. கொலைக் குத்தவாளியைக் கூட்டிட்டுப் போறாப்பல.

“குழந்தை அழுகுது பாருங்க மாப்பிள்ளை”ன்னேன்.

“கொஞ்ச நேரத்துல பழகிரும் மாமா”ன்னாரு. பழகிருமாம்.

போன தீவாளிக்கு வந்தப்ப, கடைக்கு வந்தாரு. அதிசயமா கம்பியத் தூக்கிப் பாத்தாரு. எடை போட்டாரு. டேப்பு புடிச்சு அளந்தாரு. எந்தெந்த எடத்துல போல்ட்டு முடுக்கறதுன்னு அன்வருகிட்ட விவரம் கேட்டு, போட்டோ எடுத்துக்கிட்டாரு. எனக்கு என்ன சந்தோசம்கறீங்க! மாப்பிள்ளைக்கு நம்ம தொழில் மேல ஒரு புடிப்பு வந்துருச்சுடான்னு மத்தியானம் என்ர சம்சாரம் பூங்கொடிகிட்டச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனேன். பின்னால ஒரு காலத்துல தினேசும் அவரும் சேந்து கடையப் பெருசு பண்ணுவாங்கன்னுகூட கணக்குப் போட்டுட்டேன்.

அடுத்த நோம்பிக்கு வந்தப்பதான் தெரியுது. எதுக்கு அளந்தாருன்னா, கம்ப்யூட்டருக்குள்ள அந்தக் கம்பியச் செய்யறதுக்கு!

லேப்டாப்பைத் தொறந்து எனக்கு முன்னால வெச்சாரு. வண்டி நிக்குது. நம்ம வண்டி மாதிரியே பெருசு. மேல பூராவும் கொசுவலை போத்துனாப்பல கட்டங்கட்டமா இருக்குது. ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நெளியுது, எவ்வளவு இழுபடுதுன்னு அது தனித்தனியா கணக்குப் போடுமாம். நெசத்துல ஒரு இடி எவ்வளவு நேரம்? கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சுருதுங்களே. அந்தச் சிமிட்டலைக் கணக்குப் போட அவுங்க ஆபீசு கம்ப்யூட்டருக்கு ஒரு ராத்திரி முச்சூடும் ஆகுமாம். நான் கேட்டேன், “இவ்வளவு மெதுவா ஓடறதை நம்பி வேகமா போற வண்டியப் பத்திப் பேசறீங்களே?”ன்னு. அதுக்கும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்புதாங்க எனக்கு ஆகாது.

மொதல்ல காத்து. வண்டி மேல காத்து எப்படிப் போகுதுன்னு கோடு கோடாக் காட்டறாரு. நீலம், பச்சை, சிவப்பு. காத்துக்கு எங்கயாச்சும் கலரு இருக்குதுங்களா? கம்பிகிட்ட வந்ததும் அந்தக் கோடெல்லாம் சிக்கிக்கிட்டு, மேல கேரியருக்குப் பின்னால சுத்து சுத்துன்னு சுத்துது. “இந்தக் காத்தை இழுத்துக்கிட்டே வண்டி போகுது மாமா, அதுக்கும் சேத்துத்தான் டீசல் குடிக்குது”ங்கறாரு. நான் என்ர வண்டியில கேரியரை மட்டும் அப்பறமா கழட்டிட்டேன். அவரு சொன்னதுக்காக இல்லீங்க. அது வேகமாப் போனா ஊன்னு ஊளையுடும், என்ர காதுக்கு ஆகலை. இப்ப டீசல் கொஞ்சம் கம்மியாத்தான் குடிக்குது. அது புது ரோடு போட்டிருக்கான், அதனால.

அப்பறம் இடி. கம்பி இல்லாத வண்டி போய் மோதுது. அட சாமி, மூக்கு அப்படியே அப்பளமாட்ட நொறுங்குது. அவரு நிதானமாச் சொல்றாரு, “பாத்தீங்களா மாமா, இப்படித்தான் நொறுங்கோணும். மூக்கு நொறுங்கி அடிய வாங்கிக்கும். உள்ள இருக்கறவங்களுக்கு மிச்சம்தான் போகும்”னு. நொறுங்கறதுக்குன்னே செஞ்சு வெச்சிருக்காங்களாம்! நான் பாடுபட்டு ஒரு வண்டிய வாங்கறது அது நொறுங்கறதுக்குங்களா?

அடுத்தது கம்பி போட்ட வண்டி. என்ர கம்பி. மோதுது. கம்பி கம்முனு நிக்குது! மூக்கு பாதிதான் உள்ள போச்சு. நான் கையத் தட்டிட்டேன் தம்பி. “பாத்தீங்களா மாப்பிள்ளை! நான் சொல்லலை?”ன்னேன். பூங்கொடி அடுப்படியில இருந்து ஓடியாந்து என்ன என்னங்கறா. அவரு தலைய ஆட்டிக்கிட்டு, “கம்பியப் பாக்காதீங்க மாமா, உள்ள பாருங்க”ன்னாரு. உள்ள அந்தப் பொம்மை. நெஞ்சுப் பக்கம் பூராவும் சிவப்பா இருக்குது. கம்பிய நேரா வண்டியோட அடிச்சட்டத்துல முடுக்கியிருக்கறதால, அடி மூக்குல நிக்காம நேரா உள்ள வந்துருதாம். ஏர்பேக்கு வேற தாமதமா விரியுதாம், அதுக்குள்ள பொம்மை ஸ்டியரிங்குல போய் மோதிருச்சாம்.

பொம்மைக்கு வலிக்குதுன்னு என்ர தொழிலை நிறுத்தச் சொல்றாரு. சட்டப்படியும் இது கூடாதுங்கறாரு. சட்டம் இருக்குது, இல்லைங்கலை. ரோட்டுல போற வண்டியப் பாருங்க, சட்டத்தைக் கேட்டா ஓடுது? வந்த மாப்பிள்ளைகிட்ட நோம்பியன்னைக்கு என்னத்தைச் சண்டை போடறதுன்னு விட்டுட்டேன்.

ஆனா காதுகுத்துக்கு வந்தப்ப பண்ணாரு பாருங்க ஒண்ணு, அதை மட்டும் என்னால மறக்க முடியாதுங்க.

பேத்திக்கு மூணாவது வருசம். எங்க குலதெய்வக் கோயிலு கொடுமுடிக்கு அந்தப்புறம் இருக்குது. மொட்டையடிச்சு, தாய்மாமன் மடியில வெச்சுக் காதுகுத்தி, கெடா வெட்டு. ஊரு முச்சூடும் பத்திரிகை வெச்சாச்சு. தினேசு தாய்மாமன் சீருக்குத் தட்டு தட்டா வாங்கி அடுக்கிட்டான். என்ர வண்டிக்குப் பூ அலங்காரம் சொல்லி வெச்சேன். முன் சீட்டுல நான், என்ர மடியில பேத்தி, பின்னால ஒறம்பரை வண்டியெல்லாம் வரிசையா வரோணும். இதுதான் என்ர ஆசை. பெரிய ஆசைங்களா இது? ஒரு தாத்தனுக்கு இந்த ஆசை இருக்கக்கூடாதுங்களா?

காதுகுத்துக்கு மொத நாளு பொழுது சாயறப்ப, கூடத்துல ஒறம்பரையெல்லாம் உக்காந்து பேசிக்கிட்டிருக்கறப்ப இதைச் சொன்னேன். மாப்பிள்ளை, “ஆதிரை அவ சீட்டுல, எங்க வண்டியில வருவா மாமா”ன்னாரு. அத்தனை பேரு முன்னால.

“என்ர மடிய விடவா அந்தப் பிளாஸ்டிக்கு?”ன்னேன்.

“அம்பது கிலோமீட்டர் வேகத்துல மோதுனா, அவளோட பத்துப் பன்னெண்டு கிலோ உங்க கைக்கு முந்நூறு கிலோவா வரும் மாமா. ஆராலயும் புடிக்க முடியாது.”

“சின்ன வயசுல மண்டியில நெல்லு மூட்டை தூக்குன கை மாப்பிள்ளை இது. என்ர பேத்திய நான் விட்டுருவனா?”

எல்லாரும் சிரிச்சாங்க. அவரு சிரிக்கலை. எந்திரிச்சு என்னை உள் ரூமுக்குக் கூப்புட்டுப் போயி, மறுபடியும் அந்தச் சனியனைத் தொறந்தாரு. இந்தத் தடவை முன் சீட்டுல ஒரு பெரிய பொம்மை. அதோட மடியில ஒரு சின்னப் பொம்மை. பெரிய பொம்மை ரெண்டு கையாலயும் அதை அணைச்சுப் புடிச்சிருக்குது. எனக்கு மொதல்ல வெளங்கலைங்க. அழகா இருக்குதேன்னுகூட நெனச்சேன். அப்பறம் வண்டி நகருது.

அந்தப் பெரிய பொம்மைக்குக் கையில பலமில்லை தம்பி. பொம்மைதானே. பாசமா, பயமா, என்ன இருக்குது அதுக்கு? கைய விரிச்சு விட்டுருச்சு. சின்னது போயி...

வேண்டாம். விடுங்க. நான் லேப்டாப்பைப் படார்னு மூடிட்டேன்.

“என்ர பேத்திய நல்ல காரியத்துக்கு மொத நாளு கம்ப்யூட்டர்ல சாகடிச்சுக் காட்டறீங்களா?”ன்னு கத்திட்டேன். கூடம் வரைக்கும் கேட்டுருச்சு. பூங்கொடி வந்து கையப் புடிக்கறா, நான் உதறறேன். அவரு மெதுவா, “சாகடிக்கலை மாமா. சாகக்கூடாதுன்னுதான்”ங்கறாரு. கண்ணுல தண்ணி வேற. ஆம்பளைக்குக் கண்ணுல தண்ணி எதுக்குங்க வருது? தப்புப் பண்ணதாலதானே? நான் சொல்லிப்போட்டேன், “நாளைக்குப் பேத்தி என்ர மடியில வந்தாத்தான் காதுகுத்து. இல்லைன்னா உங்க பொம்மைக்கே காது குத்திக்கங்க”ன்னு.

வெடியால எந்திரிச்சுப் பாத்தா அவங்க வண்டி இல்லை. மக எழுதி வெக்கவும் இல்லை, சொல்லிக்கவும் இல்லை. குழந்தையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. கட்டி வெச்ச கெடா கத்திக்கிட்டு நிக்குது, வர்றவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? குழந்தைக்குக் காய்ச்சல்னு பொய் சொன்னேன். இந்த வாயில பேத்திக்குக் காய்ச்சல்னு சொல்ல வெச்சுட்டாரு.

அப்பறம் ஒரு நாளு போட்டோ வருது. மெட்ராஸ்ல ஒரு நகைக்கடையில, சுத்தற நாற்காலியில உக்கார வெச்சு, ஒரு பொண்ணு துப்பாக்கியாட்ட ஒண்ணை வெச்சுக் காதைக் குத்திருச்சு. மாமன் மடி இல்லை, மொட்டை இல்லை, சாமி இல்லை. தினேசு அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். பூங்கொடி அழுதா. இப்பவும் அவ தினமும் போன்ல பேசறா. பேத்தி தோட்டைக் காட்டி, “அப்பச்சி எங்க?”ன்னு என்னைக் கேக்குமாம். நான் கதவுக்கு இந்தப்புறம் நின்னு கேட்டுக்குவேன். மூஞ்சியக் காட்டறதில்லை. அவரு வந்து, மாமா தெரியாம நடந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் எறங்கிப் போகோணும்னா எப்படிங்க?

ஆனா கடவுள்னு ஒருத்தன் இருக்கான் தம்பி. போன மாசம் எனக்கு அத்தாட்சியே கெடச்சுருச்சு.

அக்கட்டால பாருங்க, செவத்துல. சாமி படத்துக்குக் கீழ மாட்டியிருக்கேனே, அந்தக் கம்பி. மஞ்ச மண்டி வெச்சிருக்கற சின்னச்சாமியண்ணன் வண்டியோடது. நம்ம கடையில மாட்டுனதுதான், அன்வரு கைவேலை. சிவகிரி ரோட்டுல நாய் குறுக்க வந்துருச்சுன்னு வண்டிய ஒடிச்சிருக்காரு, பாலத்துச் செவத்துல நேரா மோதிருச்சு. கிட்டப் போய்ப் பாருங்க. தடவிப் பாருங்க. ஒரு நெளிவு இருக்குதா? ஒரு கீறல்? வண்டியோட மூக்குகூட பாதி அப்படியே இருந்துச்சுங்க! கிரேன்காரனே அசந்துட்டான். அதைக் கேட்டு வாங்கிக் கழுவிக் கடையில மாட்டுனேன். வர்ற கஸ்டமருக்கெல்லாம் காட்டறேன். உங்களுக்கும் மொதல்லயே காட்டியிருக்கோணும்.

ஒடனே போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு வாட்ஸப்புல அனுப்புனேன். அவரோட பேச்சு நின்ன பொறவு அதான் மொதத் தடவை. ‘கம்பிக்கு ஒரு கீறல் இல்லை’ன்னு கீழ போட்டேன். உங்க கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போடுங்கன்னும் எழுதுனேன், அப்பறம் வேண்டாம்னு அதை மட்டும் அழிச்சுட்டேன். பதில் வருதா வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வந்துச்சு. ஒத்தை வரி.

‘ஓட்டுனவரு எப்படி இருக்காரு மாமா?’

அவ்வளவுதான். நான் கம்பியப் பத்திச் சொன்னா அவரு ஆளைப் பத்திக் கேக்கறாரு. நேரா ஒத்துக்கறதுதானே? பேச்சை மாத்தறாரு.

என்ன தம்பி? நீங்களும் அதையேதான் கேக்கறீங்க.

இருக்காரு. உசுரோடதான் இருக்காரு. கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. நெஞ்செலும்பு நெறைய ஒடைஞ்சு போயிருச்சு, ஒண்ணு நுரையீரல்ல எறங்கிருச்சாம். இப்பத்தான் மெசினு இல்லாம மூச்சு விடறாரு. ஏர்பேக்கா? விரிஞ்சுதுங்க, விரியாம இல்லை. கொஞ்சம் தாமதமா விரிஞ்சுதுன்னு இன்சூரன்ஸ்காரன் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்? பாலத்துச் செவத்துல மோதுனா நெஞ்சு போகாம என்ன பண்ணும்?

நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். அவரு சம்சாரம் என்ர கையப் புடிச்சுக்கிட்டு அழுகுது. “நல்ல வேளைங்கண்ணா, உங்க கம்பியாச்சும் இருந்துச்சு. இல்லைன்னா இவரு எனக்கு மிஞ்சியிருக்க மாட்டாருங்கண்ணா”ங்குது. அந்தம்மாவே சொல்லிருச்சுங்க. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஆனா என்னால அங்க ரொம்ப நேரம் நிக்க முடியலை. ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஆகாது. வாங்கிட்டுப் போன ஆரஞ்சுப் பையக்கூடக் குடுக்க மறந்து திரும்பக் கொண்டாந்துட்டேன். பூங்கொடி ஏன்னு கேட்டா, எரிஞ்சு விழுந்துட்டேன்.

மாப்பிள்ளைக்கு இன்னும் பதில் போடலை. என்னன்னு போடறது? ரெண்டு மூணு தடவை எழுதிப் பாத்தேன். ‘நல்லா இருக்காரு’ன்னு எழுதுனேன், அழிச்சேன். ‘பரவாயில்லை’ன்னு எழுதுனேன், அதையும் அழிச்சேன். எழுதறப்பவெல்லாம் அந்தச் சின்னப் பொம்மை வந்து கண்ணுக்கு முன்னால நிக்குது. ஏன் வருதுன்னு தெரியலை. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

என்ன, எந்திரிச்சுட்டீங்க? டீ அப்படியே இருக்குதுங்களே.

வேண்டாங்கறீங்களா? கம்பியா?

மாமனார்கிட்ட என்ன சொல்லுவீங்க? ...சரி. சரி விடுங்க தம்பி, உங்க வண்டி, உங்க இஷ்டம். நானா வந்து கூப்புட்டேன்? இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பெரியவங்க சொன்னா ஏறாது. அன்வரு! டேய் அன்வரு, முடுக்காதே, கழட்டுடா. ஏன்னா? வேண்டாங்கறாருடா, கழட்டு. பம்பர்ல கீறல் விழாம எடு.

போங்க, போய் வண்டியில உக்காருங்க. எனக்கு ஒண்ணும் கோவம் இல்லை.

தம்பி, ஒரு நிமிசம். பின் சீட்டுல அது என்னங்க? வாரு வெச்ச நாற்காலியா? உங்க குழந்தைக்கா? எத்தனை வயசு? ஓ, அப்ப எங்க ஆதிரை வயசுதான். இதுல உக்காந்துட்டு எங்க வரைக்கும் வந்திருக்குது? மதுரை வரைக்குமா? அழுகாதுங்களா? கழுத்து வலிக்காதா? வெளிய தெரியுதா அதுல உக்காந்தா, மாடு, பஸ்சு எல்லாம்? தெரியுதா! பக்கத்துல பெரியவங்க ஒருத்தரு உக்காந்துக்க எடம் இருக்குதுங்களே. கையப் புடிச்சுக்கிட்டே போலாம், இல்லீங்களா?

அன்வரு, அதைப் போட்டுட்டு இங்க வாடா. தம்பி, இதை எப்படி மாட்டறதுன்னு அவனுக்கு ஒருக்கா காட்டிட்டுப் போங்க. எந்த வாரு எங்க போகுதுன்னு மெதுவாக் காட்டுங்க, நானும் பாக்கறேன். எனக்கில்லீங்க. கஸ்டமரு எவனாச்சும் கேட்டா மாட்டிக் குடுக்கோணுமில்லீங்களா, அதுக்குத்தான்.